அழித்த படங்களில் ஒரு வரப்பு

நடந்தவை, வரிசையாக:

1. நைனாவின் போனில் இடம் தீர்ந்து, கேமரா படம் எடுக்க மறுத்தது.
2. வீட்டிலிருந்த எல்லா போன்களின் படங்களையும், ஒரு பழைய பென் டிரைவில் இருந்தவற்றையும் என் லேப்டாப்பில் கொட்டினேன்.
3. ஒரே மாதிரி படங்களைக் கண்டுபிடிக்கும் மென்பொருளை ஓடவிட்டேன்.
4. ஒன்றை வைத்துக்கொண்டு மீதியை எடுத்துவிடலாமா என்று நைனாவிடம் கேட்டேன். எடுத்துவிடச் சொன்னார்.
5. அழித்தேன். குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன். மிச்சமானவற்றை அவர் போனில் திரும்ப ஏற்றினேன்.
6. அடுத்த வாரம் நைனா வந்து, "பாப்பா, அந்தக் கல்லு போட்டோவெல்லாம் வரிசையா எடுத்துக் குடு, உங்க பெரியப்பாவுக்குக் காட்டணும்" என்றார்.

கல் என்றால் சர்வே கல். செஞ்சியில் எங்கள் வீட்டிலிருந்து வண்டியில் போகிற தூரத்தில் எங்கள் நிலம் இருக்கிறது. அடுத்த நிலம் பெரியப்பாவுடையது, அவர் நைனாவுக்குப் பங்காளி. இரண்டுக்கும் நடுவில் ஒரு வரப்பு, வரப்பின் நடுவில் அந்தக் கல். பெரியப்பாவின் டிராக்டர் ஒவ்வொரு உழவிலும் தன் பக்கத்தில் வரப்பைக் கொஞ்சம் கடித்துக்கொண்டு போகும். மழை வந்து கரைந்ததும் அவர் ஆட்கள் மண்ணை எங்கள் பக்கமாக அணைப்பார்கள். கல் நகரவில்லை, வரப்பு நகர்ந்தது. நடுவில் இருந்த கல் முதலில் ஓரத்துக்கு வந்தது, பிறகு வரப்பை விட்டே இறங்கி அவருடைய உழவு மண்ணில் நின்றது.

நைனா சண்டை போடவில்லை. ஒவ்வொரு உழவுக்குப் பிறகும் போய் ஒரு படம் எடுத்தார். எங்கள் பக்கத்தில் ஒரு பனைமரம் இருக்கிறது. அதில் முதுகைச் சாய்த்து, போனை மார்புக்கு நேராகப் பிடித்து எடுப்பார். தூரம் மாறக்கூடாது, உயரம் மாறக்கூடாது. பின்னால் அதே கோட்டை மலை, முன்னால் அதே கல். யாரும் சொல்லிக்கொடுத்துச் செய்ததல்ல. வீட்டில் எங்களிடமும் சொன்னதில்லை.

மென்பொருளுக்கு அவை எல்லாம் ஒரே படம்.

இதை எனக்கு நானே பலமுறை விளக்கிக்கொண்டேன். சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே மென்பொருள் சோதிக்கிற வேலை என்னுடையது. ஒற்றுமை எத்தனை சதவீதம் இருந்தால் நகல் என்று கொள்ளலாம் என்பதை நான்தான் அமைத்தேன். காதுகுத்துப் படங்கள், பண்டிகைக் கோலங்கள், ஒரே குழந்தையை வரிசையாக எடுத்த படங்கள் எல்லாவற்றுக்கும் அது சரியாக இருந்தது. நான் ஒரே போட்டோ என்று சொன்னபோது நைனா மனதில் வந்தது, ஒரே பூவை நாலு பேர் அனுப்பிய காலை வணக்கம். கல் அவர் கணக்கிலேயே இல்லை.

அதைவிட மோசம், தப்பிய ஒரே கல் படம். ஒரே மாதிரி படங்களில் பெரிய கோப்பை வைத்துக்கொள் என்பது மென்பொருளின் விதி. பெரிய கோப்பு புதிய போனில் எடுத்தது, அதாவது கடைசியாக எடுத்தது. அதில் கல் பெரியப்பாவின் மண்ணில் நிற்கிறது. அவர் சொல்வதும் அதையேதான்: கல் எப்போதும் அங்கேதான் இருந்தது, வரப்பு இங்கேதான், எல்லையும் வரப்புதான்.

மணிலாக் கடலை விதைக்க உழவு நெருங்கியது. அதற்குள் படங்களைக் காட்டி, வரப்பைப் பழைய இடத்தில் போட்டுவிட வேண்டும் என்பது நைனாவின் திட்டம். தாலுகா ஆபீசுக்குப் போனால் இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றுவிடும்.

அழிந்துவிட்டது என்று சொன்னபோது நைனா திட்டவில்லை. "பரவால்ல, உடு" என்று சொல்லி மோட்டார் போடப் போனார். திட்டியிருந்தால் அதோடு விட்டுவிட்டு என் ஆபீஸ் வேலையைப் பார்த்திருப்பேன். மீட்டெடுக்கும் மென்பொருள்களை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டேன். மேலே கொஞ்சம் வானம், கீழே முழுக்கச் சாம்பல் நிறம் என்று சில கோப்புகள் வந்தன. ஆபீஸ் மீட்டிங்கில் கேமராவை அணைத்துவிட்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாப்பிட உட்கார்ந்து எழுந்தேன். நைனாவின் போனை வாங்கிப் பார்த்தேன், வைத்தேன், மறுபடி வாங்கினேன்.

"இன்னாத்துக்கு இப்படி குட்டி போட்ட பூனை மாதிரி சுத்திகினு இருக்க?" என்றாள் அம்மா. "உங்க அத்தை போன்ல பாரு. கூடப் பொறந்த அக்காவுக்கு அனுப்பாம இந்த மனுஷன் எதை எடுத்திருக்காரு?"

நைனாவின் வாட்ஸ்அப்பில் அத்தையின் பெயரைத் திறந்தேன். தேதிகள் இருந்தன. படங்கள் இருந்த இடத்தில் மங்கலான சதுரங்கள். அவற்றையும் நான்தான் துடைத்திருந்தேன். மறுநாள் லீவு போட்டு, சீயமங்கலத்தில் இருக்கிற அத்தை வீட்டுக்கு பஸ் ஏறினேன்.

"போனைக் குடுக்கிறேன். ஒண்ணையும் அழிக்காத, கைய ஒடிச்சிடுவேன்" என்றாள் அத்தை.

"அழிக்க மாட்டேன் அத்தை. பார்க்கத்தான்."

"இப்படித்தான் உங்க நைனாகிட்டயும் சொன்னியா? காலையில பூவு, சாயங்காலம் கல்லு. இன்னாடா தம்பி, உனக்குக் கல்லோட கல்யாணமான்னு கேட்டேன். சிரிக்கிற பொம்மைய அனுப்புறான்."

போன் பிசுபிசுவென்று இருந்தது. பூக்களுக்கும் சாமி படங்களுக்கும் நடுவில் கல் வந்தது, பக்கத்தில் தேதியோடு. மேலே தள்ளிக்கொண்டே போனேன். கல் வரப்பை விட்டு இறங்கியிருந்தது, பிறகு விளிம்பில், பிறகு விளிம்புக்குக் கொஞ்சம் உள்ளே. இன்னும் தள்ளினேன். அதற்கு மேல் ஒன்றுமில்லை.

"அதுக்கு முன்னாடி ஒரு பழைய போன் வெச்சிருந்தீங்களே அத்தை. அது எங்க?"

"அது தண்ணித் தொட்டில உழுந்துச்சே."

கல் நடுவில் இருந்த படம் அதில்தான் இருந்திருக்கும்.

பெரியப்பாவை நைனா நிலத்துக்கே வரச் சொன்னார். படங்களைப் பெரிதாக்கி என் போனில் ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினேன். பெரியப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"கிட்ட நின்னு எடுத்தா ஒரு மாதிரி தெரியும், தூர நின்னா ஒரு மாதிரி தெரியும். கம்ப்யூட்டர் படிச்ச பொண்ணு, உனக்குத் தெரியாதா?"

"ஒரே இடந்தாண்ணா" என்றார் நைனா. "இந்தப் பனைமரத்துல முதுகைச் சாய்ச்சிக்கினுதான் எல்லாம் எடுத்தேன். வேணும்னா நீயே வந்து சாய்ஞ்சி பாரு."

பெரியப்பா உண்மையாகவே போய்ச் சாய்ந்து பார்த்தார். போனையும் கல்லையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஓரத்துல இருந்துச்சின்னு வெச்சிக்குவோம்டா" என்றார் கடைசியில். "நடுவுல இருந்துச்சின்னு சொல்றியே, அதைக் காட்டு."

நைனா என்னைப் பார்க்கவில்லை. "அது இல்லண்ணா" என்றார்.

"இல்லன்னா நான் எப்படி வரப்பை எடுக்கிறது? நாளைக்கு என் பசங்க கேப்பானுங்க. சர்வேயரைக் கூப்பிட்டுக்கோ."

வண்டியில் திரும்பும்போது நைனா, "ஓரம் வரைக்கும் ஒத்துகினாருல்ல" என்றார், காற்றுக்குச் சொல்வதுபோல. நான் பின்னால் உட்கார்ந்து, அடுத்து என்னென்ன செய்யலாம் என்று மனதுக்குள் எண் போட்டுக்கொண்டிருந்தேன். இரண்டுக்கு மேல் போகவில்லை.

நிலத்தை அளக்கக் கேட்டு மனு கொடுத்திருக்கிறோம். சர்வேயர் இன்னும் வரவில்லை. பெரியப்பா உழவை நிறுத்தி வைத்திருக்கிறார், எங்களோடு பேச்சையும். அத்தை போனில் கிடைத்த படங்கள் தேதியோடு ஒரு தனி ஃபோல்டரில் இருக்கின்றன. கல் நடுவில் நிற்கும் படம் எங்களிடம் இல்லை.