சுவரில் இருந்த கார்த்திகைப் பூ

தனியாக வாழ்ந்த ஒருவரைப் பயமுறுத்தி அவருடைய படத்தை நான் பறித்தேன். மட்டக்களப்பில் எங்கள் பக்கத்து வீட்டு அக்காவிடம், செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்ட பழைய பூப்படங்கள் இருந்தன. சுவரில் மாட்டியிருந்த, கையால் நிறம் தீட்டிய கார்த்திகைப் பூவில்தான் எனக்கு ஆசை. அது புலிகள் இயக்கத்தின் பூ என்று, வைத்திருப்பவர்களை வீடு தேடி வந்து விசாரிப்பவர்கள் இருந்தார்கள்.

"நவம்பர் வருது அக்கா, மாவீரர் நாளும் வருது. ஆரும் வந்து கேட்டா என்ன சொல்லுவீங்க? என்னட்டத் தாங்க, ஒளிச்சு வைக்கிறன்" என்றேன்.

யாரும் வரவில்லை. அவர் திருப்பிக் கேட்டபோது, பயத்தில் எரித்துவிட்டதாகச் சொன்னேன். அதன்பின், படத்தை ஒளித்து வைத்திருந்த என் அலுமாரிப் பக்கம் யார் போனாலும் சந்தேகித்தேன்.

போன மாதம் உண்மையைச் சொல்லிப் படத்தைக் கொடுத்தேன்.

"இது அசலோ, போட்டோ கொப்பியோ?" என்று கேட்டு, தாளில் தகடு அழுத்திய பள்ளத்தை அக்கா விரலால் தடவிப் பார்த்தார்.

"அசல்தான் அக்கா. சத்தியமா."

"எரிச்சதெண்டும் இதே முகத்தோடதானே தம்பி சொன்னீங்க."

படத்தை வாங்கிக்கொண்டார். இப்போதும் போனால் தேத்தண்ணி தருகிறார், விறாந்தையில் வைத்து. உள்ளே வரச் சொல்வதில்லை.