சுவருக்கு அந்தப் பக்கம்

என் மகள் கிருபைக்கு மூன்று வயதில் காய்ச்சல் வந்தது. நாலாம் நாள் காய்ச்சல் இறங்கியது. அதோடு அவள் கால்களும் போய்விட்டன.

ஆண்டவருடைய பிள்ளைகளே, திருப்பூர் சாராள் என் சாட்சியை எழுதுகிறேன். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். மெதுவாகத்தான் சொல்வேன். அவசரக்காரர்கள் அடுத்த பக்கத்தைப் புரட்டிக்கொள்ளலாம். ஜெபித்து ஜெபித்து வாய் உலர்ந்துபோனவர்கள் யாராவது இருந்தால், கொஞ்சம் உட்காருங்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

அது அறுபதுகளின் தொடக்கம். கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் இளம்பிள்ளை வாதம் என்றார்கள். இனி நடக்க மாட்டாள் என்றார்கள். என் வீட்டுக்காரர் பஞ்சு அரைக்கிற மில்லில் வேலை செய்தவர். பஞ்சுத்தூசி நெஞ்சில் ஏறி, மறு வருஷமே போய்ச் சேர்ந்தார். நான் பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டும் வேலைக்குப் போனேன். தைத்து வரும் பனியனில் தொங்கும் நூலைக் கத்தரிக்கிற வேலை அது. சபையில் பால்பவுடர் கொடுத்த காலம். நான் அந்த வரிசையில் நின்றதில்லை. யாரிடமும் கை நீட்டாமல் பிள்ளையை வளர்த்தேன். இதை இன்றைக்கும் தலை நிமிர்ந்தே சொல்வேன்.

ஆண்டவரிடம் மட்டும் கேட்டேன். வெள்ளிக்கிழமைதோறும் உபவாசம் இருந்தேன். கிறிஸ்துமஸுக்குள் என் பிள்ளை நடப்பாள் என்று சபையில் எழுந்து நின்று சொன்னேன். மூன்று கிறிஸ்துமஸ் வந்து போனது.

ஒரு முறை சுகமளிக்கும் கூட்டம் என்று கேள்விப்பட்டு, கிருபையைத் தூக்கிக்கொண்டு கோயம்புத்தூர் போனேன். மேடையில் ஒருவர் அவள் தலையில் கை வைத்து ஜெபித்தார். எழுந்து நட என்றார். பிள்ளை எழுந்து நிற்கத்தான் பார்த்தாள். முகம் குப்புற விழுந்து உதடு கிழிந்தது. தாய்க்கு விசுவாசம் போதவில்லை என்று சொல்லி, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கிருபை கேட்டாள். "நான் சரியா நிக்கலையாம்மா?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அன்றைக்கு என் உள்ளே ஏதோ அணைந்துபோனது. ஜெபத்தை விடவில்லை. ஆனால் பூட்டின கடையின் கதவைத் தட்டுகிற மாதிரிதான் தட்டிக்கொண்டிருந்தேன்.

ஆறு வயதானதும் பள்ளிக்கூடம் போகணும் என்று அடம் பிடித்தாள். இடுப்பில் தூக்கிக்கொண்டு போய்ச் சேர்த்தேன். எங்கள் லைன் வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவில் ஒரு ஓடைப் பள்ளம் உண்டு. அதில் இறங்கிக் கல் மேல் கால் வைத்துக் கடக்க வேண்டும். காலையில் கொண்டு போய் விடுவேன், கம்பெனிக்கு ஓடுவேன், பொழுதோடு போய்த் தூக்கி வருவேன். தலைமை ஆசிரியர் நல்ல மனுஷர். சுவரில் சாய்ந்து உட்காரக் கதவோரமாக இடம் கொடுத்தார். மத்தியானச் சாப்பாட்டை அவள் இருந்த இடத்துக்கே கொடுத்தனுப்பினார். கணக்கில் அவளை மிஞ்ச ஆளில்லை.

அவள் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது ஐப்பசி மழை பிடித்தது. ஓடைப் பள்ளத்தில் என் கால் வழுக்கியது. பிள்ளைக்கு அடிபடக் கூடாது என்று நான் கீழே விழுந்து அவளை மேலே ஏந்திக்கொண்டேன். அவளுக்கு ஒரு கீறல் இல்லை. என் இடுப்பு போனது.

பல வாரம் பாயில் கிடந்தேன். எழுந்தபோது நடக்க முடிந்தது, உட்கார்ந்து பிசிறு வெட்ட முடிந்தது. ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்க முடியவில்லை. பிள்ளையை எங்கே தூக்குவது?

வேலைக்குப் போகாவிட்டால் அடுப்பு எரியாது. அதனால் கிருபையை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் போனேன். பூட்டாவிட்டால் ஊர்ந்து வெளியே வந்துவிடுவாள். வீதியில் துணி ஏற்றின மாட்டு வண்டிகள் போகும் வரும். கைக்கு எட்டுகிற இடத்தில் தண்ணீரும் சோறும் வைப்பேன். சாவியைத் திருப்பும்போது உள்ளே அவள் அழ மாட்டாள். அழுதிருந்தால் எனக்குத் தேவலை.

சபையில் விசாரித்தார்கள். பிள்ளை நன்றாக இருக்கிறாள் என்றேன். போதகர் வீட்டுக்கு வருகிறேன் என்றார். நான் வேலையில் இருப்பேன் ஐயா என்று சொல்லிவிட்டேன். பிறகு சபைக்குப் போவதையே குறைத்துக்கொண்டேன்.

வரிசையாக ஒட்டிக் கட்டின எங்கள் லைன் வீடுகளுக்கு நடுச்சுவர் ஓடு வரைக்கும் போகாது. மேலே இரண்டு முழம் இடைவெளி இருக்கும். பக்கத்து வீட்டில் பழனாத்தா இருந்தாள். பனியன் கம்பெனியில் ஷிப்ட் வேலை அவளுக்கு. அவள் மகனும் கிருபையின் பள்ளிக்கூடத்தில்தான் படித்தான். தெருக் குழாயில் எனக்கும் அவளுக்கும் ஒத்துப்போன நாளே கிடையாது.

"ஏனுங்க்கா, உங்க குடத்துக்கு மட்டும் பரலோகத்துல இருந்து தண்ணி வருதாட்ட இருக்குது? எப்பப் பாத்தாலும் முன்னாடியே நிக்குது?" என்பாள்.

"உன்ற வாய்க்கு முன்னாடி வெச்சா குடம் நெளிஞ்சு போயிரும். அதுக்குத்தான் தள்ளி வெக்கறேன்" என்பேன்.

என் இடுப்பு போன பிறகு, காலையில் என் குடம் நிறைந்து வாசலில் இருக்கும். ஏன் எடுத்தாய் என்று கேட்டால், "நடக்கற வழில கெடந்துச்சு, தூக்கி வெச்சேன். இதுக்கும் சண்டைங்களா?" என்று போய்விடுவாள். நானும் அதற்கு மேல் பேச்சுக் கொடுக்கவில்லை.

மார்கழியில் ஒரு நாள் பள்ளிக்கூடத்திலிருந்து சொல்லி அனுப்பினார்கள். இன்ஸ்பெக்டர் வரப்போகிறார், ரொம்ப நாள் வராத பிள்ளைகளின் பெயரை எடுத்தாக வேண்டும், வரும் ஞாயிற்றுக்கிழமைப் பெற்றோர் கூட்டத்தில் அதையும் சொல்லுவார்கள் என்று. கிருபை அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். தன் சிலேட்டைத் துடைத்து, பையில் வைத்து, அந்தப் பையை எனக்கு எட்டும்படி தள்ளிவிட்டாள். எடுத்து வைத்துக்கொள் என்கிற மாதிரி.

பொழுது சாய்ந்து விளக்கு ஏற்றினேன். முழங்கால் போட முடியாது. நடுச்சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். எங்கள் சபையில் வாய்விட்டு ஜெபிப்பதுதான் பழக்கம்.

"ஆண்டவரே, நடக்க வையும்னு கேட்டேன், நீர் கேட்கல. இனிமே அதக் கேட்க மாட்டேன். அவ பள்ளிக்கூடத்துலயாவது உட்காரட்டும். அதுவும் உமக்கு முடியாதுன்னா இன்னைக்கே சொல்லிப்போடும். கம்பெனிக்குப் பின்னால கிணறு இருக்குது. நாங்க ரெண்டு பேரும் உமக்குச் சிரமம் வைக்க மாட்டோம்."

ஆம், அப்படித்தான் ஜெபித்தேன். மறைக்க மாட்டேன். பதில் வரவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பாத்திரம் விழுந்து உருண்ட சத்தம் மட்டும் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை பழனாத்தா வாசலில் வந்து நின்றாள்.

"கெளம்புங்க்கா. பள்ளிக்கோடத்துல பெத்தவிங்க கூட்டம்."

"என்ற புள்ளதான் போறதில்லையே, எனக்கென்ன கூட்டம்?"

"என்ற பையன் போறானல்ல. அவன் பண்ற சேட்டைக்குத் தனியாப் போனா வாத்தியாரு என்னயப் புடிச்சு வெய்வாரு. தொணைக்கு வாங்க."

சொல்லிக்கொண்டே குனிந்து கிருபையைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். நான் தூக்கச் சொல்லவில்லை. "ஏங் கண்ணு, உங்கொம்மா சோத்துக்குப் பதுலா உன்ற வாயில கல்லு கில்லு போடறாங்களா? இந்தக் கனம் கனக்கற!" என்றாள். கிருபை அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். எனக்குப் பின்னால் போவதைத் தவிர வேறு வழியில்லை.

பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் கூட்டம். தலைமை ஆசிரியர் பள்ளிக்கூடத்துச் செய்திகளை ஒவ்வொன்றாகச் சொன்னார். ஒழுகின ஓடு மாற்றியாயிற்று. மத்தியானச் சாப்பாட்டுக்கு அரிசி கொடுத்த வீடுகளுக்கு நன்றி. இரண்டு பெஞ்சி புதிதாக வந்திருக்கிறது. எல்லாரும் கை தட்டினார்கள். கடைசியில் குரலைத் தாழ்த்தி, பெயர் எடுக்கப்படும் பிள்ளைகளைச் சொன்னார். "கிருபை, மூன்றாம் வகுப்பு. நெடுநாள் வராததால்..."

பழனாத்தா கிருபையை இடுப்பில் வைத்தபடியே எழுந்து நின்றாள்.

"ஏனுங்க சார், வரலைன்னு ஆருங்க சொன்னது?"

"பேர் கூப்பிட்டா பதில் இல்லையேம்மா."

"புள்ள தெனமும் பதுல் சொல்லுதுங்க. உங்களுக்குக் கேக்கலீன்னா அது புள்ள குத்தமுங்களா?"

யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. "நான் ராத்திரி ஷிப்ட் முடிஞ்சு வந்து காலைல படுத்திருப்பனுங்க. உங்க பள்ளிக்கோடத்து மணி எங்க லைனுக்குக் கேக்குமுங்க. மணியடிச்சுச் சித்த நேரம் களிச்சு, பக்கத்து ஊட்டுக்குள்ள இருந்து சத்தம் வருமுங்க. 'உள்ளேன் ஐயா'ன்னு. வெளிய பூட்டுத் தொங்குதுங்க. உள்ள இருந்து புள்ள சொல்லுதுங்க, உள்ளேன் ஐயான்னு. தெனமும் சார். ஒரு நாளு தப்பாம."

எனக்கு அது தெரியாது. பெற்றவள் எனக்குத் தெரியாது. நான் கிருபையைப் பார்த்தேன். தப்புச் செய்து மாட்டிக்கொண்ட மாதிரி தலையைக் குனிந்துகொண்டாள். "பேர் கூப்பிடற நேரம் ஆச்சேன்னு சொன்னேம்மா" என்றாள்.

தலைமை ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வந்து உட்கார்ந்தா பேர் இருக்கும்மா. இதுக்கு மேல என் கையில இல்ல. யாரு தூக்கிட்டு வர்றது?" என்றார்.

பெண்கள் தரையைப் பார்த்தார்கள், ஆண்கள் மரத்தைப் பார்த்தார்கள். கைதட்டின கைகள் எல்லாம் மடியில் கிடந்தன. பூமி பிளந்து என்னை வாங்கிக்கொள்ளாதா என்றிருந்தது. பிள்ளையை வாங்கிக்கொண்டு எழுந்துவிடலாம் என்று கையை நீட்டினேன். வாங்கித் தூக்க என் இடுப்பில் தெம்பு இல்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. நீட்டின கை அப்படியே நின்றது.

பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. கழிவுத் துணி வியாபாரம் செய்கிற பாய் அவர். அவர் பெண்பிள்ளைகளும் அங்கேதான் படித்தார்கள். "ரெண்டு ஆளும் ஒரு மூங்கிலும் இருந்தாப் போதுமுங்களே. துணி நான் தர்றேன்" என்றார்.

அங்கேயே தன் வண்டியிலிருந்து மூங்கிலையும், மெஷினிலிருந்து குழாய் மாதிரி இறங்குகிற பனியன் துணியையும் கொண்டுவந்தார். மூங்கிலில் தூளி கட்டி, கிருபையை உள்ளே உட்கார வைத்து, பழனாத்தா ஒரு முனையும் இன்னொருத்தி மறு முனையும் தோளில் ஏற்றினார்கள். நாலு எட்டு வைப்பதற்குள் துணி இழுத்துக்கொண்டே இறங்கி, கிருபை தரையில் உட்கார்ந்துவிட்டாள். மூங்கில் மேலே, பிள்ளை கீழே.

"நாளெல்லாம் பனியன் துணில பொழங்கறோம், அது இளுக்கும்னு ஒருத்தருக்கும் தோணலையே!" என்றாள் பழனாத்தா. "வெளியூர்க்காரன் பாத்தா நம்மூருத் தொழிலே போச்சுங்க பாய்!"

மரத்தடி முழுக்கச் சிரித்தது. கிருபை தரையில் உட்கார்ந்தபடியே சிரித்தாள். மழைக்காலத்துக்குப் பிறகு அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். பிறகு பஞ்சுப் பொதி கட்டுகிற சாக்கை மடித்துக் கட்டினார்கள். அது இழுக்கவில்லை.

வீடு திரும்பும் வழியில் பழனாத்தாவிடம் கேட்டேன். "நான் உன்னக் கேக்கலையே. எதுக்கு இதெல்லாம் பண்ற?"

"என்னயக் கேக்கலீங். உங்க சாமியத்தான் கேட்டீங்க. அவருக்குக் காது கேக்குதோ என்னமோ, எனக்குக் கேக்குதுங்க்கா. தெனமும் பொழுதோட கேக்குது. அன்னிக்குக் கெணறுன்னு சொன்னீங்க பாருங்க, கையில இருந்த சட்டி நழுவிப் போச்சு."

"நான் ஆண்டவர்கிட்டப் பேசறத நீ ஏன் ஒட்டுக் கேக்கற?"

"செவுத்த மேல வரைக்கும் கட்டாதவன் மேல கோவிச்சுக்கங்க" என்றாள்.

மறுநாள் காலையில் கதவைத் திறந்தபோது இரண்டு பெண்கள் மூங்கிலோடு நின்றார்கள். எங்கள் லைனிலும் அடுத்த லைனிலும் எவளுக்கு எந்த வாரம் எந்த ஷிப்ட் என்று பழனாத்தா மனதிலேயே வைத்திருந்தாள். ராத்திரி ஷிப்ட் முடிந்து தூக்கத்தோடு வந்து தூக்கியவர்கள் உண்டு. மழையில் ஓடைப் பள்ளம் நிறைந்தபோது ஆண்களும் இறங்கித் தூக்கினார்கள். என்ன சாதி, என்ன சாமி என்று அந்த மூங்கிலில் யாரும் பார்க்கவில்லை. கிருபை பதினொன்றாம் வகுப்பை முடித்தாள். இன்றைக்குத் தபால் ஆபீஸில் உட்கார்ந்து வேலை செய்கிறாள்.

அவள் கால்கள் நேராகவில்லை. இன்றும் கட்டை ஊன்றித்தான் நகர்கிறாள். ஏன் அந்தக் கால்களைத் தரவில்லை என்று எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி எழுதினால் அது பொய்ச் சாட்சி. அந்தக் கேள்வியைப் பரலோகத்துக்குக் கூடவே எடுத்துக்கொண்டு போய் நேரிலேயே கேட்பேன். ஆனால் அன்று விளக்கு வைத்த நேரத்தில் நான் கேட்டதை ஆண்டவர் கேட்டார். பழனாத்தாவின் காதால் கேட்டார். அதற்காக அவருக்கு நன்றி சொல்லாத நாளில்லை.

பழனாத்தா இப்போது இல்லை. கடைசிக் காலத்தில் அவளுக்கு இருமல் வந்தபோது சுவரில் காது வைத்துப் படுத்தவள் நான். இருமல் கேட்டால் வெந்நீரோடு போவேன். "வந்துட்டீங்களா, ஒட்டுக் கேக்கறவிங்களே" என்பாள்.

இப்போது எங்கள் சபையில் இளம்பிள்ளைகள் என்னிடம், மனதுக்குள் ஜெபித்தாலே ஆண்டவருக்குக் கேட்கும், ஏன் இவ்வளவு சத்தம் என்கிறார்கள். அவருக்குக் கேட்கும், எனக்கும் தெரியும். நீங்கள் வாய்விட்டே ஜெபியுங்கள். ஜெபித்து முடித்த பிறகு கொஞ்ச நேரம் சும்மா இருங்கள். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பிள்ளை "உள்ளேன் ஐயா" என்று சொல்லிக்கொண்டிருக்கலாம்.