உட்கார முடியாத நாத்திகன்

பி.ஏ. படிக்கும்போது காலேஜ் விவாதப் போட்டியில் ஒரு தலைப்பு வந்தது: இவ்வளவு துன்பம் இருக்கும் உலகத்தில் நல்ல கடவுள் இருக்க முடியுமா? முடியவே முடியாது என்பது என் கட்சி. பிளேக், பஞ்சம், பாம்புக்கடி என்று பட்டியலே போட்டு வைத்திருந்தேன். ஜெயித்தே ஆகவேண்டும். கடவுள் உண்டு என்று பேசப்போகும் இதே எதிராளியிடம் முந்தின வருஷம் தோற்று, காலேஜ் முழுக்கக் கேலி வாங்கியிருந்தேன்.

போட்டிக்குப் பத்து நாள் இருக்கும்போது, உட்காரும் இடத்தில் எலுமிச்சங்காய் அளவுக்கு ஒரு கட்டி. சாப்பாடு நின்றுகொண்டு, படிப்பு குப்புறப் படுத்துக்கொண்டு.

“பாத்தியாம்மா? நல்ல கடவுள் பண்ற வேலையா இது?”

வெங்காயத்தைச் சுட்டுக் கட்டிக்கொண்டிருந்த அம்மா சொன்னாள்: “வாய மூடிட்டுப் படுடா. கட்டி உடைஞ்சா நீ நஞ்சன்கூட்டுக் கோயில்ல உருளுவேன்னு வேண்டிக்கிட்டிருக்கேன்.”

“நானா? என்னைக் கேட்டியா?”

“கட்டி மட்டும் உன்னைக் கேட்டுட்டா வந்துச்சு?”

லாஜிக்கில் வகுப்பிலேயே முதல் மார்க் நான். தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

நாலாம் நாள் கட்டி உடைந்தது. மைசூர் மகாராஜா பிறந்தநாள் லீவன்று காலை ரயிலில் நஞ்சன்கூடு போனோம். கபிலை ஆற்றில் முங்கி, ஈர வேட்டியோடு பிராகாரத்தில் உருண்டேன். பாதிச் சுற்றில் கண்ணெதிரே இரண்டு கால்கள். நிமிர்ந்தால், என் எதிராளி! கையில் பிரசாதம், வாய் முழுக்கச் சிரிப்பு.

“என்னடா மகாராயா, கடவுள் இல்லேன்னு உருண்டு உருண்டு ப்ராக்டிஸா?”

“வழிய விடுடா, இன்னும் பாதிச் சுத்து பாக்கி.”

போட்டியன்று அவன் வாதமே செய்யவில்லை. நான் உருண்டதை மேடையில் உருண்டு காட்டினான். ஹால் அதிர்ந்தது.

“சரி, உருண்டேன்!” என்று கத்தினேன். “கட்டியையும் கொடுத்து, அது போனதுக்கு உருளவும் வைக்கிறவரை எப்படிடா நல்லவர்னு சொல்றது?”

நல்ல கேள்வி. இன்றைக்கும் நல்ல கேள்விதான். சிரிப்பில் ஒருவர் காதிலும் விழவில்லை. தோற்றேன்.

வீட்டில் அம்மாவின் முகம் என் முகத்தைவிடத் தொங்கியது. “அடடா, நீ ஜெயிச்சா உன்னை மூணு சுத்து உருள வைக்கிறேன்னு வேண்டியிருந்தேனே!”

“சாமி இல்லேன்னு ஜெயிக்கறதுக்கு சாமிகிட்டயே வேண்டினியா?”

“பின்ன யார்கிட்டக் கேக்கறது? உன் புரொபசர்கிட்டயா?”

ஜெயித்திருந்தால் மூன்று சுற்று. அந்தக் கல் தரையில். இன்னும் ஆறாத புண்ணோடு.

கடவுள் ஒருவேளை ரொம்ப நல்லவர்தானோ என்று முதன்முறையாக எனக்குச் சந்தேகம் வந்தது. எதிராளியிடம் இதுவரை சொல்லவில்லை.