சுவரில் நின்ற முதுகு

என் வீட்டுக்காரர் பெயிண்டர். வாயை மூடவே மாட்டார். மூன்றாம் மாடி உயரத்தில் சாரத்தில் நின்றுகொண்டு, கீழே போகிறவர்களை வம்புக்கு இழுப்பார். கூடவே அவருடைய கூட்டாளியும் சேர்ந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். வேலை நேரத்தில் நான் போன் பண்ணினால் அவன்தான் பக்கத்திலிருந்து கத்துவான்: "அண்ணி, முதல்ல கரண்டியக் கீழ வைங்க, அப்புறம் பேசிக்கலாம்!"

ஒருநாள் அந்தக் கூட்டாளி சாரத்திலிருந்து விழுந்து செத்துப்போனான். பலகையைக் கட்டியிருந்த கயிறு அவிழ்ந்துவிட்டது என்றார்கள். அன்றோடு இவருக்கு வாய் அடைத்துப்போனது. ஏழு மாதம். சாப்பிடு என்றால் சாப்பிடுவார். தூக்கம் மட்டும் கிடையாது.

மனநல டாக்டரம்மா ஒரு மெழுகு கிரேயான் பெட்டியைக் கொடுத்தார். "வாயால வராதது கையால வரட்டும். என்ன வரைஞ்சாலும் தடுக்காதீங்க" என்றார். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். இந்த மனுஷனோ பேப்பரை விட்டுவிட்டுப் படுக்கையறைச் சுவரில் ஆரம்பித்தார். ஆளுயரத்துக்கு ஒரு முதுகு. கூட்டாளியின் முதுகேதான், அதே கட்டம் போட்ட சட்டை, அதே சாய்ந்த இடது தோள். காலடியில் பலகை, இரண்டு பக்கமும் சாரக் கம்புகள். கயிறு மட்டும் இல்லை. தினமும் அந்த முதுகின்மேலேயே தீட்டித் தீட்டிக் கறுப்பாக்கினார்.

செத்தவனை எதிரே நிற்க வைத்துக்கொண்டு எப்படித் தூங்குவது? எந்த நேரம் திரும்பி "அண்ணி" என்பானோ என்று போர்வையைத் தலைவரைக்கும் இழுத்துக்கொள்வேன். டாக்டரம்மாவா இங்கே வந்து படுக்கப்போகிறார்?

பொறுத்துப் பொறுத்துப் பார்த்தேன். என் தம்பி அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன அன்று, பரணிலிருந்து வெள்ளை பெயிண்ட் வாளியை இறக்கி இரண்டு கோட் அடித்தேன். பெயிண்டருக்கு வாக்கப்பட்டவள் செய்கிற வேலையா அது! பெயிண்ட் முத்து முத்தாகத் திரண்டு வழிந்தது. சட்டையும் தோளும் பழையபடி எட்டிப் பார்த்தன. சுற்றிலும் வெள்ளையாகிவிட்டதால் இப்போது இன்னும் எடுப்பாக நின்றான்.

திரும்பி வந்தவர் அறை வாசலில் நின்று அதைப் பார்த்தார். எனக்கு உயிரே போய்விட்டது. இருந்த ஒரே வழியையும் அடைத்துவிட்டேன், இனி இந்த மனுஷன் எனக்கு இல்லை என்றே நினைத்தேன்.

"மெழுகு மேல பெயிண்ட் நிக்குமாடி, கூறுகெட்டவளே? சுரண்டிட்டுல்ல அடிக்கணும்?"

ஏழு மாதம் கழித்து வந்த குரல். ஓவென்று அழுதேன். "திட்டுங்க, இன்னும் நல்லாத் திட்டுங்க" என்றேன்.

அவர் திட்டவில்லை. தோளில் கிடந்த துண்டால் ஈரத்தைத் துடைத்துவிட்டு, கறுப்புக் கிரேயானை எடுத்துப் பலகையின் ஓரத்தில் கயிறு வரைந்தார். இரண்டு சுற்று, தளர்வாக ஒரு முடிச்சு.

"இது நான் போட்டது. ஒரு கையால."

"ஏன் ஒரு கையால?"

"இன்னொரு கையில போன் இருந்துச்சு."

அவன் விழுந்த அன்று காலை போனில் பேசியது நான்தான். காஸ் தீர்ந்துபோச்சு, சொல்லச் சொல்ல மறந்துட்டீங்க என்று பத்து நிமிஷம் வாங்கு வாங்கென்று வாங்கினேன். கரண்டியைக் கீழே வைக்கச் சொல்லி அவன் அன்றைக்கும் கத்தினான்.

"இத உங்கிட்ட எப்படிடி சொல்றது?" என்று குழந்தை மாதிரி தேம்பினார்.

அன்றிலிருந்து அவர் தூங்குகிறார். குறட்டைகூட வருகிறது. சுவரைச் சுரண்டிவிடலாம் என்று தம்பி சொன்னான்; நான்தான் வேண்டாம் என்றேன். இப்போது அந்த முதுகைப் பார்த்தபடி விழித்துக் கிடப்பது நான். நேற்று அவர் கிரேயான் பெட்டியை என் தலையணைப் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுப் படுத்தார்.