இடது கையில் கரண்டி

சந்திரகலா மலேசியாவில், கிள்ளானில் ஆஸ்பத்திரி உதவியாளராக வேலை பார்த்து, 1983-இல் ஓய்வு பெற்றவள். நல்லவர்கள் வேதனைப்பட்டுச் சாவதையும், பெண்டாட்டியை அடித்தவன் சொகுசாக வீட்டுக்கு நடந்துபோவதையும் வார்டில் பார்த்துப் பார்த்து, மேலே இருந்து யாரோ நியாயம் பார்க்கிறார் என்று நம்புவதை எப்போதோ விட்டிருந்தாள். அதற்காக உட்கார்ந்து வருத்தப்படவும் இல்லை. படுக்கை விரிப்பு மாற்ற வேண்டியிருந்தது.

அடுத்த ஆண்டு பக்கத்து வீட்டுப் பக்கிரிசாமி படுத்துவிட்டார். போர்ட் கிள்ளானில் லோரி ஓட்டியவர். பக்கவாதத்தில் வலது கை விழுந்துபோனது. உடனிருந்த தங்கை வள்ளியம்மாதான் ஊட்டிவிட்டாள். பொங்கல் முடிந்ததும் அவள் காப்பார் என்ற ஊரிலிருக்கும் மகளின் பிரசவத்துக்குப் போக வேண்டும். தானாகச் சாப்பிட முடியாத அண்ணனை முதியோர் இல்லத்தில் விடுவதாகப் பேச்சு.

அவருடைய இடது கை நன்றாகத்தான் இருந்தது. அதில் சாப்பிட மறுத்தார்.

“கழுவுற கையில சோறு திங்கச் சொல்றியா?”

“சோப்புப் போட்டா எல்லாம் ஒரே கைதான், அண்ணே,” என்றாள் சந்திரகலா.

“விடுங்கக்கா,” என்றாள் வள்ளியம்மா. “தை பொறந்தா தாங்காதுன்னு ஜோசியர் சொல்லிட்டாரு. இல்லத்துக்குக்கூட வேல இருக்காது. எதுக்குப் போட்டு வதைக்கிறீங்க?”

சந்திரகலா தினமும் மத்தியானம் போனாள். இடது கையில் கரண்டியை வைத்தாள். அவர் கீழே போட்டார். கழுவி மறுபடி வைத்தாள்.

“எனக்கு எழுதி முடிச்சாச்சு,” என்றார் ஒருநாள். “ஒனக்கென்ன, புண்ணியம் சேருதா?”

“சேர்ற மாதிரி தெரியல. யாரும் எழுதுன மாதிரியும் தெரியல.”

“அப்புறம் ஏன் வர்ற?”

அவள் கரண்டியைத் துடைத்தபடி யோசித்தாள். “வராமயும் இருக்கலாம். வரேன். அவ்வளவுதான் லா. நீங்களும் இதப் பிடிக்காம இருக்கலாம்.”

அவர் கரண்டியைப் பிடிக்கவில்லை.

பொங்கல் அன்றும் சந்திரகலா வந்திருந்தாள். வள்ளியம்மா பானையைவிட அண்ணனைத்தான் அதிகம் பார்த்துக்கொண்டிருந்தாள். பால் பொங்கியது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. கிண்ணத்தில் பொங்கலை எடுத்துக்கொண்டு அருகே போனாள்.

“வாயத் தொறண்ணே.”

அவர் வாயை மூடிக்கொண்டார். பிறகு இடது கையை நீட்டி, அவளிடமிருந்து கரண்டியை வாங்கினார்.

முதல் வாய் தாடையில் போனது. அடுத்தது சட்டையில். வள்ளியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சந்திரகலாவின் கை தானாக முன்னே வந்தது. அதை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். அதற்கடுத்தது உள்ளே போனது.

மென்று விழுங்கினார். “இனிப்புப் பத்தல.”

வள்ளியம்மா கிண்ணத்தில் இன்னும் கொஞ்சம் வெல்லம் போட்டாள். “தைன்னுதான் ஜோசியர் சொன்னாரு. எந்த வருசத்துத் தைன்னு நான் கேக்கல,” என்றாள்.

“நீ காப்பாருக்குப் போ. நான் இல்லத்துக்குப் போகல,” என்றார் பக்கிரிசாமி. அப்புறம் சந்திரகலாவைப் பார்த்தார். “சோறு?”

“வச்சுட்டுப் போறேன். திங்கிறது உங்க வேல.”

“நாளைக்கும் வருவியா?”

“அது நாளைக்குத்தான் தெரியும்,” என்று சொல்லிவிட்டு அவர் சட்டையைக் கழற்றித் துவைக்க எடுத்துப் போனாள்.

மறுநாள் அதைக் காயவைத்து மடித்துக் கொண்டுவந்தாள். அவர் இடது கையைச் சோப்புப் போட்டுக் கழுவி வைத்திருந்தார்.