கன்னியம்மா எழுந்து நின்ற நாடகம்

வேஷத்துக்குப் பூசும் முத்துவெள்ளைப் பொடியைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துக் கன்னத்தில் அப்பும்போது முதலில் குளிர்ச்சியாக இருக்கும். காயக் காயத் தோலை இழுக்கும், சிரித்தால் முகம் விரிசல் விட்டுவிடுமோ என்ற பயத்தில் நான் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். எழுபதுகளின் தொடக்கம் அது. எனக்கு ஒன்பது வயது. செவ்வாப்பேட்டையிலிருந்து ஆவடி, அம்பத்தூர்ப் பக்கத் தொழிற்சாலைகளுக்குக் காலை ஏழே கால் ரயிலில் போய்வந்த ஆறு பேர் சேர்ந்து நாடகம் போட்டார்கள். குழுவுக்கு அவர்கள் வைத்த நீளமான பெயர் யார் வாயிலும் நுழையாததால், ஊரார் "ஏழே கால் செட்டு" என்றே அழைத்தார்கள். ஓடும் வண்டியிலேயே ஒத்திகையும் நடக்கும். கொலைக் காட்சியை நிஜச் சண்டை என்று நம்பி ஒரு பெரியவர் விலக்கிவிட வந்த கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

கதை வசனம் என் அப்பா. தொழிற்சாலையில் ஸ்டோர் கிளார்க். பெண் வேடம் ஃபிட்டர் துரைசாமி மாமாவுக்கு. நாடகத்துக்கு நாடகம் மீசையைப் பறிகொடுப்பார். சிரிப்பு நாடகம் ஒன்றும் ராஜா நாடகம் ஒன்றும் போட்ட பிறகு, மூன்றாவதாக ஜனங்களை அழவைக்க வேண்டும் என்று அப்பா ஆசைப்பட்டார்.

அதற்கு அவர் எடுத்துக்கொண்டது எங்கள் தெருவிலேயே இருந்த கன்னியம்மாவின் வாழ்க்கையை. செங்கல் சூளையில் வேலை பார்த்தவள். புருஷன் வேறொருத்தியுடன் ஆந்திராப் பக்கம் போய்விட, ஒரே பெண் செல்வியைத் தனியாக வளர்த்தாள். நான்கு வருஷம் கழித்து அவன் திரும்பி வந்தபோது அவள் வீட்டுக்குள் சேர்க்கவில்லை என்பது தெருவுக்கே தெரியும். ஆனால் அப்பாவின் நாடகத்தில் மனைவி ஓடிவந்து கணவனின் காலில் விழுந்து கதறினாள்; மகளாக நடித்த நான் "அப்பா!" என்று கத்திக்கொண்டு ஓடிப்போய் அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும்.

பள்ளிக்கூட மைதானத்தில் சாயங்காலம் ஆறு மணிக்கு நாடகம். துரைசாமி மாமா காலில் விழுந்தார். நான் ஓடுவதற்குக் காலை எடுத்து வைத்தபோது, பெண்கள் பக்கத்திலிருந்து கன்னியம்மா எழுந்து நின்றாள்.

"இன்னாண்ணா இது? நா எப்போ அவங்கால்ல வியுந்தேன்? கதவையே தொறக்கலியே நானு!"

கூட்டம் சிரித்தது. அவள் உட்காரவில்லை. சிரிப்பு தானாகவே அடங்கிவிட, என் ஒற்றை வசனத்தைச் சொல்லாமலே முன்வைத்த காலை நான் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். யாரோ திரையை இழுத்துவிட்டார்கள்.

வீட்டில் அப்பா குமுறினார். "நாடகம்னா ஜனம் அயுதுட்டுப் போவணும். நடந்தத அப்பிடியே காட்றதுக்கு நாடகம் எதுக்கு?"

அம்மா சாதத்தைப் பரிமாறிக்கொண்டே கேட்டாள்: "அவள ஒரு வார்த்த கேட்டீங்களா?"

அப்பா பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவினார். ஒரு வாரம் வண்டியில் ஒத்திகையே நடக்கவில்லை என்று துரைசாமி மாமா சொன்னார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் கையைப் பிடித்துக்கொண்டு கன்னியம்மா வீட்டுக்குப் போனார். தனியாகப் போகக் கூச்சமாக இருந்திருக்க வேண்டும்.

"தப்புதான், கன்னிம்மா. அன்னிக்கு இன்னா நடந்துச்சின்னு சொல்லு" என்றார்.

அவள் முறத்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தாமல் சொன்னாள்: "தாகமா கீதுன்னான். ஜன்னல் வழியா சொம்புல தண்ணி குட்க்கச் சொன்னேன், செல்விய. குட்ச்சான். இவன்தாண்டி உங்கப்பன், நல்லா பாத்துக்கோன்னேன். அவ்ளோதான். போய்ட்டான்." பொறுக்கிய கல்லை வெளியே எறிந்துவிட்டு, "எம்பேர வெக்காத. ஆனா அந்தத் தண்ணிய வுட்றாத" என்றாள்.

மாற்றி எழுதிய நாடகத்தைத் திருவள்ளூரில் போட்டார்கள். துரைசாமி மாமா கதவைத் திறக்காமல் நின்றபோது ஆண்கள் பக்கம் "கால்ல வியு!" என்று குரல்கள் எழுந்தன, சிலர் துண்டை உதறிக்கொண்டு வெளியேறினார்கள். நான் இரண்டு கைகளாலும் சொம்பை நீட்டினேன். வந்தவன் குடித்தான், போனான். பெண்கள் பக்கம் ஒருவரும் கைதட்டவில்லை. ஒருவரும் எழுந்து போகவும் இல்லை. கன்னியம்மா முன்வரிசையில் இருந்தாள். மறுநாள் குழாயடியில் என்னைப் பார்த்து, "ரெண்டு கையால குட்க்காதடி. செல்வி இன்னா சாமிக்கா படைச்சா?" என்று மட்டும் சொன்னாள்.

அதன் பிறகு கும்மிடிப்பூண்டியில் ஒரே ஒரு முறை போட்டோம்; ஒற்றைக் கையால்தான் கொடுத்தேன். அப்புறம் எங்களை யாரும் கூப்பிடவில்லை. ஆறு பேரின் ஷிப்டுகளும் வெவ்வேறாகிப்போக, செட்டு தானாகவே கலைந்தது.

இன்று அந்த மைதானத்தில் மூன்று மாடிக் கட்டடம் நிற்கிறது. அப்பாவின் நோட்டுகளைக் கரையான் தின்றுவிட்டது. ஒரு போட்டோகூட இல்லை. அப்பாவும் கன்னியம்மாவும் போய்ச் சேர்ந்து வெகுகாலமாகிறது. போன வருஷம் ஒரு கல்யாணப் பந்தியில் செல்வியைப் பார்த்தபோது, உன் வேஷத்தில் நான் நடித்தது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன்.

"நாடகமா? நா பாக்கவே இல்லியே" என்றாள். "எல்லாத்துக்கும் அம்மா என்ன ஊட்ல வுட்டுட்டுத்தான் வந்துச்சி. உங்கூட்ல வந்து கேக்கவும் வுடல." இலையை ஒதுக்கி வைத்துவிட்டு என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். "சொல்லு. அதுல நா இன்னா பண்ணேன்?"