மழைக்கு முன் எழுப்பிய பாத்திகள்

மலாயாவில் கூலாய்ப் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்துக்குக் கல்யாணமாகி வந்த முதல் வருஷம், கூலிக்காரர் வீடுகள் வரிசையாக நின்ற லயத்துக்குப் பின்னால் கிடந்த நிலத்தில், ஊரில் செய்வதுபோலவே ஆடியில் விதை போட்டேன். கத்தரியும் மிளகாயும் செழித்துப் பூவெடுத்தன. கார்த்திகையில் பிடித்த மழை விடவே இல்லை. ஓடைத் தண்ணீர் ஏறி, அத்தனையும் வேரோடு அழுகிவிட்டது. பக்கத்து வீட்டு அக்கா சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வந்து பார்த்தார்.

“ஊர்க் கணக்கு இங்க ஆகாது புள்ள. அடுத்த வருஷம் ரெண்டு பேரும் சேர்ந்து போடலாம்.”

அக்கா கைக்குழந்தையாகக் கப்பலில் வந்தவர். அந்தத் தோட்டத்திலேயே வளர்ந்து, ரப்பர்ப் பால் எடுக்கப் பால்மரம் வெட்டி, அங்கேயே வாழ்க்கைப்பட்டவர். ஒரே மகளைக் காய்ச்சலில் பறிகொடுத்து, ஓடைக்கு அந்தப்பக்க மேட்டில் புதைத்திருந்தார்.

வேலை முடிந்த சாயங்காலங்களில் உட்கார்ந்து பேசியே அந்த வருஷத்தைத் திட்டமிட்டோம். தையில் மழை ஓய்ந்ததும் வெண்டையும் பயற்றங்காயும். மாசி வெயிலுக்கு ஓடையோரமாகக் கீரை. புரட்டாசியில் வாய்க்கால் வெட்டி, அந்த மண்ணைக் கொட்டிப் பாத்திகளை இடுப்பளவு உயர்த்திவிட வேண்டும். மேலே மரவள்ளி, கீழே ஈரம் தாங்கும் சேம்பு. இரண்டு வீட்டு நிலத்துக்கும் நடுவே இருந்த வேலியைப் பிடுங்கிப் போட்டோம். அடுத்த மழைக்கு எங்கள் பாத்திகள் நின்றன.

பிறகு ரப்பர் விலை விழுந்தது. கூலியைக் குறைத்தார்கள். ஒருநாள், தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி லயத்துக்கு வந்து, ஊருக்குப் போகிறவர்களைச் காசு வாங்காமல் சும்மாவே கப்பலேற்றி விடுவார்கள், இருப்பவர்களுக்குப் பாதி வேலைதான் என்றார். அக்காவின் கணவர் போவதாகச் சொல்லிவிட்டார்.

“மாமாகிட்டச் சொல்லிப் பாருங்கக்கா.”

“சொல்லாமயா? இங்க இருந்தா பட்டினிதான்னு சொல்றாரு. அதுவும் பொய்யில்லையே. ஆனா அங்க எனக்கு யாரத் தெரியும்? என் மக இங்கல்ல கெடக்கா.”

அது புரட்டாசி மாதம். அவர்கள் புறப்படுவதற்கு முந்தின நாள் காலையில் பாத்திகளைப் பார்க்கப் போனேன். முழங்கால்வரை சேறாக, அக்கா வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்தார்.

“நாளைக்குப் போறீங்க. இத ஏன்க்கா செய்றீங்க?”

“மழை எனக்காக நிக்குமா? நீ வயித்துப்புள்ளக்காரி. ஒத்தையில மண்ணு தூக்கிடுவியா?”

நான் கூடையை எடுத்தேன். பிடுங்கிக்கொண்டார். மரவள்ளிக் குச்சிகளை வெட்டிக் கொடுத்தால் போதும் என்றார். நான் வெட்டிக் கொடுக்க, அவர் ஒவ்வொன்றாக ஊன்றிக்கொண்டே போனார்.

சாயங்காலம் குளித்துவிட்டு மேட்டுக்குப் போனார். நானும் கூடப் போனேன். அழவில்லை. மண்டியிருந்த புல்லை மட்டும் நிதானமாகப் பிடுங்கினார்.

“புல்லு மண்டாமப் பாத்துக்கறியா?”

“பாத்துக்கறேன்க்கா.”

மறுநாள் லாரி ஏறும்போது என் கையைப் பிடித்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் வண்டி கிளம்பிவிட்டது.

அந்த வருஷம் மழை முன்னைவிடக் கடுமை. பாத்திகள் அசையவில்லை. தையில் எனக்கு மகள் பிறந்தாள். வேலை கிடைத்த நாள்களே கொஞ்சம். அரிசி பானையின் அடியோடு நின்றது. கிழங்கை அவித்து, சேம்பிலையைக் கடைந்து சாப்பிட்டோம். எங்கள் லயத்தில் அந்த வருஷம் பால் வற்றிய தாய்மார்கள் உண்டு. எனக்கு வற்றவில்லை.

அக்காவுக்கும் எனக்கும் எழுத்துத் தெரியாது. தபால் வரவில்லை. ரப்பர் விலை ஏறியபின் மறுபடி ஆட்கள் வரத் தொடங்கினார்கள். புதிதாக வந்திறங்கிய ஒவ்வொரு பெண்ணிடமும், இன்ன ஜாடையில், சின்னதிலேயே மலாயா போய்த் திரும்பிய ஒருத்தரைப் பார்த்தாயா என்று கேட்பேன். எந்த ஊர் என்று திருப்பிக் கேட்பார்கள். அக்காவுக்கே அந்த ஊரின் பெயர் சரியாகச் சொல்ல வராது. எனக்கு எப்படித் தெரியும்?